ஆறரை மணி ஜாமீன்

"ஜாமீன்தாரர் வந்திருக்காரா?"

நீதிபதி ஷமீமா இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். கூண்டில் நின்ற சுயம்புலிங்கம் தலையைத் தூக்கவில்லை. நாற்பத்தொரு வயது. உப்பு லாரி ஓட்டுநர். நெடுஞ்சாலையில் ஆளில்லாத லாரிகள் ஓடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியும், உப்பளத்து மண் தடத்தில் இன்னும் மனிதன்தான் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. பதினெட்டு நாட்களுக்கு முன்பு குடித்துவிட்டு லாரியை எடுத்தவன், ஸ்கூட்டரில் எதிரே வந்த மரிய செல்வி என்ற பெண்ணின் இடது காலை நசுக்கிவிட்டான்.

"அண்ணன் வந்திருக்காருங்கம்மா," என்றார் சட்ட உதவி வக்கீல். "ஆனா..."

"ஆனா?"

பின் வரிசையிலிருந்து தவசிமுத்து எழுந்தார். "நான் பாக்கத்தான் வந்தேன். கையெழுத்துப் போட வரல. இவனுக்காக நானும் குடிகாரனா ஆவணுமாம்மா?"

சொல்லப்போனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் ஜாமீன் கொடுக்க வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டு நகலும் போதும். யாரென்றே தெரியாதவருக்குக்கூட நீதிமன்ற வாசலில் ஜாமீன்தாரர் கிடைப்பார். தூத்துக்குடியில் புதிதாக வந்திருந்த சிகிச்சை நீதிமன்றம் காகிதத்தை நம்பவில்லை. அது ஜாமீன்தாரரின் உடம்பைக் கேட்டது.

"அப்ப நான் போடுதேன்," என்றது ஒரு பெண் குரல்.

"நீங்க யாரு?"

"இவரு பொண்டாட்டி. அவனுக்கு மதினி. பேரு தங்கபுஷ்பம். பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கேன்."

"ஏட்டி, உக்காரு," என்றார் தவசிமுத்து.

"நீங்க உக்காருங்க. நான் எந்திரிச்சாச்சு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "என்ன போடுறீங்கன்னு தெரிஞ்சுதான் போடுறீங்களா? ஹெலன், சொல்லுங்க."

ஹெலன் நீதிமன்றத்தின் பட்டை அலுவலர். இரண்டு விரல் அகலத்தில் சாம்பல் நிறப் பட்டைகள் இரண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது ஜோடிம்மா. ஒண்ணு அவர் கையில, ஒண்ணு உங்க கையில. குடிக்கணும்னு அவர் உடம்பு கேக்கும் பாருங்க, அதை அவர் பட்டை பிடிச்சு, பாதியை உங்களுக்கு அனுப்பிடும். ஒரு குடத்தை ரெண்டு பேர் தூக்குற மாதிரி. தனியா தூக்கினாத்தான கீழ போடுறாங்க."

"எனக்குப் போதை வருமா?"

"போதை வராது. ஏக்கம் மட்டும்தான் வரும். கை நடுங்கும், வாய் வறளும். யாரைப் பார்த்தாலும் கோபம் வரும்."

"அது பட்டை கட்டாமலே வரும்," என்றார் தவசிமுத்து மெதுவாக. முன்வரிசை வக்கீல்கள் சிரித்தார்கள்.

"எத்தன நாளு?"

"நூற்றியெண்பது நாள். அவர் தினமும் காலையில ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். ஒரு தடவை குடிச்சாலும் ஜாமீன் ரத்து, மூணு வருஷம் உள்ள. குடிக்காம இருந்துட்டா, தண்டனை சொல்றப்போ ஜட்ஜம்மா அதை யோசிப்பாங்க."

"நீங்க எப்பவாவது குடிச்சிருக்கீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"கஷாயமே மூக்கப் பிடிச்சிக்கிட்டுத்தான் குடிப்பேன்."

"பின்ன ஏன் இதுக்கு வர்றீங்க?"

தங்கபுஷ்பம் கூண்டைப் பார்த்தாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேம்மா. இவன் ஓடிப் போவல. அந்தப் புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கான். அவ செருப்ப மடியில வச்சிக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தான். போலீஸ் வார வரைக்கும் கீழ வைக்கல. ஓடாதவனுக்கு ஒரு கை பிடிக்கலாம்லா."

நீதிபதி ஹெலன் பக்கம் திரும்பினார். கையெழுத்து வாங்குமாறு கண்ணைக் காட்டினார்.

வெளியே வந்ததும் தவசிமுத்து ஒன்றே ஒன்று சொன்னார். "நீ ஜாமீன் குடு, என்னமும் பண்ணு. அவன் என் வீட்டுப் படி ஏறப்படாது."

---

அது முதல் நாளே வந்தது. மாலை ஆறரை மணிக்கு, அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. முதலில் நாக்கு அட்டைபோல் ஆயிற்று. பிறகு கத்தி விரலில் நிற்கவில்லை. வீட்டிலிருந்த எல்லாப் பொருளும் அவளுக்கு எதிராக நிற்பதுபோல் இருந்தது. எதுவோ ஒன்று உடனே வேண்டும், அது என்னவென்றுதான் தெரியவில்லை.

போன் அடித்தது. சுயம்பு உப்பளத்துப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். மனைவி பிரிந்துபோய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

"மதினி, வந்துட்டா?"

"வந்துட்டு. ஏல, என்னல இது? தண்ணி குடிச்சாலும் நிக்கல, மோர் குடிச்சாலும் நிக்கல."

"அது அதுக்கெல்லாம் நிக்காது மதினி. உப்புக்கல்லு ஒண்ணு எடுத்து நாக்குல வைங்க. முழுங்கிராதிய. அது கரையட்டும். ஏழு மணிக்கு எறங்கிரும்."

அவள் உப்பு ஜாடியில் கைவிட்டுப் பெரிய கல்லாக ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி," என்றாள் சற்று நேரம் கழித்து, வாயில் உப்போடு. "ஒரு நாளு தொடாம இருக்க முடியாதான்னு உன்ன எத்தன மட்டம் திட்டியிருப்பேன்."

"அத ஏன் இப்பம் சொல்லுதிய?"

"இது பாதிதானா?"

"பாதிதான்னு சொல்லுதாவ."

"அப்ப முழுசா எப்படில இருந்துச்சு?"

இரண்டு பேரும் போனை வைக்காமல் ஏழு மணிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. ஆறரைக்குப் போன் வரும். "விருந்தாளி வந்தாச்சு மதினி." "எனக்கும் வந்தாச்சு, பாய் விரிச்சுப் போட்டிருக்கேன்." அன்று பள்ளியில் முட்டை எத்தனை உடைந்தது, எந்தப் பிள்ளை சாம்பாரில் கத்தரிக்காயைப் பொறுக்கி வெளியே எறிந்தது என்று அவள் சொல்வாள். காலையில் கையெழுத்துப் போடப் போனால், ஸ்டேஷன் ஏட்டையா ஊதச் சொல்லிவிட்டு மூக்கைச் சுளிக்கிறார் என்று அவன் சொல்வான். "குடிக்காம வந்தா உமக்கு வாய் நாறுதுவே, பல்ல வெளக்கிட்டு வாரும்னு சொல்லுதாரு மதினி." பேசிக்கொண்டிருக்கையிலேயே மணி ஏழாகிவிடும்.

இரண்டாம் மாதம் தெரு பேசத் தொடங்கியது. ஒரு மாலை, பால் வாங்கப் போனவள் மதுக்கடை எதிரே தன்னை அறியாமல் நின்றுவிட்டாள். ஐந்து நிமிடம் நின்றிருப்பாள். அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர், மறுநாள் பார்த்ததாகச் சொன்னவர்கள் முப்பது பேர். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டாள்.

"புஷ்பம்மா, தப்பா எடுத்துக்காதிய. பெத்தவங்க கேக்காவ. கையில வெளக்கு எரியுதாம், குடிகாரிக்குக் கட்டுற பட்டையாம்."

"பட்டை எனக்கில்ல டீச்சர், என் கொழுந்தனுக்கு. அதுவும் மத்தியானம் வராது. சாயந்தரம் ஆறரைக்குத்தான் வரும். ஆபீஸ் மாதிரி டைம் வச்சிருக்கு."

டீச்சர் சிரித்தாள். ஆனால் பெற்றவர்கள் சிரிக்கவில்லை. அன்றே தங்கபுஷ்பம் பட்டையின்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள். பட்டையில் எரிந்த பச்சை விளக்கு அதற்குப் பிறகு யார் கண்ணுக்கும் படவில்லை. அவள் கண்ணுக்கும்தான். குளிக்கும்போதுகூட, தலைக்கு மேலே தூக்கிய கையில் துணி அப்படியே இருக்கும்.

அந்த நாட்களில் தவசிமுத்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் வேலை முடிந்து எட்டு மணிக்கு வருகிறவர், ஆறு மணிக்கே வரத் தொடங்கினார். டீ போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நாள், பெரிய பாத்திரத்தில் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி துணி சுற்றிய அவள் கையில் கொட்டியது. ஈரத் துணியைப் பிழிந்து அதே இடத்தில் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மாலை ஆறரைக்கு அது வழக்கம்போல் வந்தது. அவளும் வழக்கம்போல் உப்புக்கல் எடுத்தாள்.

நான்கைந்து நாள் கழித்து நல்ல மழை. போனில் மழைச் சத்தம்தான் முதலில் கேட்டது.

"மதினி, கடை வாசல்ல நிக்கேன்."

"நில்லு. உள்ள போவாத."

"நாலஞ்சு நாளா ரொம்பக் கனமா இருக்கு. கழுத்தப் பிடிச்சு இழுத்துட்டுப் போவுது. இதுக்கு முந்தி இப்படி இல்ல."

"எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு." அவளுக்குக் கோபம் வந்தது. ஆறரை மணிக் கோபம். "நான் சரியாத் தூக்கலன்னு சொல்லுதியோ? நான் என் பங்கத் தூக்கிட்டுத்தான் நிக்கேன், நீ உன் பங்கத் தூக்கு."

"உங்கள ஒண்ணும் சொல்லல மதினி. நீங்க தூக்குதிய, எனக்குத் தெரியும். அதனாலதான் இன்னும் வெளிய நிக்கேன்."

அவள் குரலைத் தணித்தாள். "உப்புக்கல்லு வச்சிருக்கியா?"

"மழையில கரைஞ்சு போச்சு."

"அப்ப சட்டைப் பைய நக்கு."

அவன் சிரித்தான். கடை வாசலில், மழையில், குடிக்க வந்தவர்கள் இவனுக்குப் பைத்தியம் என்று ஒதுங்கிப் போகும்படி சிரித்தான். ஏழு மணிக்குத் திரும்பி நடந்தான்.

---

நூற்றெண்பதாம் நாள் மரிய செல்வி ஊன்றுகோலோடு நீதிமன்றத்துக்கு வந்தாள். ஷமீமா அவளைத்தான் முதலில் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்மா?"

"என் கால் வேணும். அது கெடைக்காது." அவள் சுயம்புவைப் பார்க்காமல் பேசினாள். "இவரு உள்ள போனாலும் அது கெடைக்காது. இவரு இனிமே வண்டி ஓட்டப்படாது. சைக்கிள்கூட எனக்கு முன்னால ஓட்டப்படாது. அவ்வளவுதான்மா."

"ஓட்ட மாட்டேன்," என்றான் சுயம்பு. "இப்பம் உப்பு வாருத வேலைதான் பாக்கேன்."

ஹெலன் இரண்டு பட்டைகளையும் கழற்றிக் கருவியில் வைத்தாள். சுயம்புவின் பட்டையைப் படித்தாள். "குடிக்கலைங்கம்மா. ஒரு நாள்கூட இல்லை." தங்கபுஷ்பத்தின் பட்டையை வைத்தாள். எடுத்துத் துடைத்தாள். மறுபடி வைத்தாள்.

"என்ன ஹெலன்?"

"இவங்க பட்டை செத்துப் போயிருக்கு. எண்பத்தாறாம் நாள் நின்னுடுச்சு. சூடு பட்டிருக்கு. கடைசி தொண்ணூத்து நாலு நாள் இது எதையும் வாங்கலை."

"அது எப்படி?" என்றாள் தங்கபுஷ்பம். "நேத்துகூட வந்துதே."

ஹெலன் அவளையே பார்த்தாள். நீதிபதியும் பார்த்தார். அந்த இரண்டு பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் ஏதோ மாறியது.

"அந்த விஷயத்துக்கு அப்புறமா வர்றேன்மா," என்றார் ஷமீமா மெதுவாக. "விளக்கு அணைஞ்சிருக்குமே, நீங்க பார்க்கலையா?"

தங்கபுஷ்பம் பையிலிருந்து கறைபிடித்த துணிச் சுருளை எடுத்துக் காட்டினாள். "நாந்தான் மூடி வச்சேன். தெருவுல பேசுனாவ."

"நாங்களும் பார்க்கலைங்கம்மா," என்றாள் ஹெலன். "ஜாமீன்தாரர் குற்றவாளி இல்லை, வாராவாரம் கூப்பிட்டுச் சோதிக்க விதியில்லை. கோளாறுன்னா அவங்களே வந்து சொல்லிடுவாங்கன்னு விட்டுட்டோம்."

அரசு வக்கீல் எழுந்தார். "நிபந்தனை நூற்றியெண்பது நாள். எண்பத்தாறு நாள்தான் நிறைவேறியிருக்கு. சட்டப்படி இந்த ஜாமீன் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. இவர் உள்ளே போகணும்."

சுயம்பு கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அந்த மழையில," என்றான், "பாதியில்லையா? அது முழுசா?"

"முழுசுதான்," என்றாள் ஹெலன். "தொண்ணூத்து நாலு நாளும் முழுசா உங்ககிட்டதான் இருந்திருக்கு. தனியாத்தான் தூக்கியிருக்கீங்க."

"தனியா இல்லம்மா." அவன் நீதிபதியைப் பார்த்தான். "மதினி அந்தப் பக்கம் தூக்குதாங்கன்னு நெனச்சேன். அந்த நெனப்புலதான் நின்னேன். தனியான்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு உள்ள போயிருப்பேன். உண்மையச் சொல்லணும்லா."

ஷமீமா வெகுநேரம் எழுதினார். எழுதியதைப் படிக்காமல் பேசினார்.

"வக்கீல் சொன்ன சட்டம் சரி. பட்டை எண்பத்தாறு நாள்தான் வேலை செஞ்சிருக்கு. ஆனா இந்த கோர்ட் ஜாமீன் கேட்டது பட்டைக்கிட்ட இல்லை, இந்த அம்மாகிட்ட. அவங்க நூற்றியெண்பது நாளும் நின்னிருக்காங்க. நிபந்தனை நிறைவேறியதுன்னு எழுதியிருக்கேன். மூணு வருஷத் தண்டனை, நிறுத்தி வைக்கப்படுது. ஓட்டுநர் உரிமம் நிரந்தரமா ரத்து. ஒப்புக்கிறீங்களா மரிய செல்வி?"

மரிய செல்வி முதல் முறையாகச் சுயம்புவின் பக்கம் திரும்பினாள். "ஒப்புக்கிடுதேன்," என்றாள்.

"இப்ப சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி. "நேத்தும் வந்துதா?"

"ஆறரைக்கு. தப்பாம. பட்டை செத்ததுன்னா அது யாருதும்மா?"

ஹெலன் அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களோடதும்மா. எண்பத்தாறு நாள் வாங்கி வாங்கி உங்க உடம்பு அதைக் கத்துக்கிச்சு. அனுப்ப ஆள் இல்லாம, இப்ப தானா வருது."

"நான் ஒரு சொட்டு தொட்டதில்லையே."

"தெரியும்மா."

தங்கபுஷ்பம் தன் வெறுங்கையைப் பார்த்தாள். பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. இனி ஒவ்வொரு மாலையும், காரணமில்லாமல், முழுதாக. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. அது அவள் முகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

"எனக்குக் கட்டுங்க," என்றான் சுயம்பு. கூண்டிலிருந்து இறங்கியே விட்டான். "புதுசா ஒரு ஜோடி குடுங்க. அவியளோடதுல பாதிய நான் வாங்கிக்கிடுதேன்."

"முடியாதுங்க," என்றாள் ஹெலன். "பழகின உடம்புல இன்னொருத்தர் ஏக்கத்தை ஏத்தக் கூடாது. உங்க ஆறு மாசமும் ஒரே நாள்ல போயிடும். விதி அதுக்கு மட்டும் விடாது."

சுயம்பு நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அப்போது பின் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எந்தக் கையிலன்னு சொல்லுங்க," என்றார் தவசிமுத்து. நடந்து வரும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "வலதா, இடதா?"

"அன்னைக்குப் பார்க்க மட்டும்தான் வந்ததாச் சொன்னீங்க," என்றார் ஷமீமா.

"பாத்தாச்சும்மா. ஆறு மாசமா தெனமும் பாத்தாச்சு."

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள். "கோவம் வரும், தெரியும்லா?"

"நீ பட்டத விடவா."

---

அன்று மாலை ஆறரை மணிக்குச் சுயம்புவின் போன் அடித்தது. மதினி என்று நினைத்து எடுத்தான்.

"ஏல சுயம்பு."

வருடக்கணக்காக அந்தக் குரல் அவனிடம் பேசியதில்லை. "அண்ணே?"

"வந்துட்டுல."

"கை நடுங்குதா?"

"டீ கிளாஸே நிக்க மாட்டங்கு. உங்க மதினி பக்கத்துல உக்காந்து சிரிச்சிக்கிட்டிருக்கா."

"மதினிக்கு எப்படி இருக்கு?"

"பாதி கொறஞ்சிருக்காம். என்னக் கேட்டா அவ பாதிக்கு மேலதான் அனுப்புதா."

"உப்பு ஜாடி எங்க இருக்குன்னு அவியகிட்ட கேளுங்கண்ணே. பெரிய கல்லா ஒண்ணு எடுத்து நாக்குல வைங்க. முழுங்கிராதிய. ஏழு மணிக்கு எறங்கிரும்."

ஜாடி மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"சுயம்பு," என்றார் தவசிமுத்து, வாயில் உப்போடு. "இது பாதிதானாலே?"

"பாதிதான்ணே."

அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது. சுயம்பு போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தான்.

"ஏழு மணிக்கு எறங்கிரும்னு சொன்னேல்லா," என்றது குரல். "அதுக்குள்ள பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்கு வா. சாள மீன்ல புளிமொளகு வச்சிருக்கா. வந்து சாப்பிடு."